ஊருக்கு மூன்று நாள், வீட்டுக்குப் பத்து நிமிடம்

அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் குடியிருப்பவர்களுக்கு மார்ச் பிறந்துவிட்டால் ஒரு வரைபடத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிடும். டொர்னாடோ போன்ற கடும் புயல் எங்கே வரலாம் என்பதைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மஜந்தா என்று நிறம் தீட்டிக் காட்டும் வரைபடம். ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் அதை வெளியிடுகிறது. "வெள்ளிக்கிழமை நம்ம ஏரியா ஆரஞ்சுல இருக்கு" என்று புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் யாராவது போட்டுவிடுவார்கள். அன்றைக்கு வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அந்த நிறம் மனதை விட்டுப் போகாது.

முன்கணிப்பு இன்றைக்கு எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. அப்படியும் டொர்னாடோவில் உயிர்கள் போகின்றன. ஊருக்கு என்ன வரப்போகிறது என்பதை மூன்று நாளுக்கு முன்பே சொல்லிவிட முடிகிறது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு வருகிறதா என்பதோ கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரிகிறது. மூன்று நாளில் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழில் நாம் டொர்னாடோவையும் சூறாவளி என்கிறோம், கடலில் உருவாகும் புயலையும் சூறாவளி என்கிறோம். இந்தச் சொல் பழக்கமே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. கடற்புயலுக்குப் பெயர் உண்டு. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்கில் நகர்ந்து வரும். எங்கே கரை கடக்கும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். டொர்னாடோ அப்படியில்லை. இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண் அது. பெரும்பாலும் சில நூறு மீட்டர்கூட அகலம் இருக்காது. பல டொர்னாடோக்கள் சில நிமிடங்களில் கலைந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை வரப்போகும் டொர்னாடோ புதன்கிழமை எங்கேயும் இல்லை. அது உருவாகத் தோதான வானம் மட்டும்தான் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது.

அந்த வானம் எப்படி அமைகிறது? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கதகதப்பான ஈரக்காற்று வடக்கு நோக்கித் தரையை ஒட்டி வருகிறது. மேற்கே வறண்ட மேட்டுநிலங்களிலிருந்து காய்ந்த சூடான காற்று வந்து, அந்த ஈரக்காற்றின் மேல் ஒரு மூடி போலப் படிகிறது. அதற்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து வேகமான காற்றோட்டம். தரையில் வெயில் ஏற ஏற, கீழே அடைபட்ட ஈரக்காற்று மேலே போகத் துடிக்கும். மூடி பிற்பகல் வரை பிடித்துவைத்துவிட்டுப் பிறகு ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால், காற்று சட்டென்று பீறிட்டு மேலேறி, ஒரு மணி நேரத்துக்குள் 15 கிலோமீட்டர் உயர மேகமாகிவிடும்.

இதுவரைக்கும் அது வெறும் இடிமழைதான். சுழற்சி எங்கிருந்து வருகிறது என்றால், காற்றின் வேகமும் திசையும் உயரத்துக்கு உயரம் மாறுவதிலிருந்து. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்து, மேல் கையை மட்டும் முன்னே தள்ளிப் பாருங்கள். பென்சில் உருளும். தரையில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடிக்கும் காற்று, நடுவிலுள்ள காற்றை இப்படித்தான் படுக்கைவாக்கில் உருட்டுகிறது. மேலெழும் காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்திவிடும். அப்போது மேகம் முழுவதுமே மெல்லச் சுழல ஆரம்பிக்கும். இதைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். ஆனால் சூப்பர்செல்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்குவதில்லை. தரைக்கு மேலே முதல் ஒரு கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரே மதியம் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு மேகங்களில் ஒன்று மட்டும் ஊரை அழித்துவிட்டுப் போவது ஏன் என்பது இன்னும் முழுசாக விடுபடாத புதிர். அந்த மூடி திறக்காமலே போய்விட்டால், சிவப்பு போட்ட நாளிலும் வெயில் அடித்துவிட்டுப் போகும். "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று மறுநாள் பேசுவோம்.

இனி நிறத்துக்கு வருவோம். எச்சரிக்கைப் படிகள் ஐந்து. முதல் படி கரும்பச்சை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் மஜந்தா. இரண்டாம் படியான மஞ்சளுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லைட்', அதாவது சிறிதளவு. இந்தப் பெயரைக் கேட்டுத்தான் பலர் அலட்சியமாகிவிடுகிறார்கள். ஆபத்தான டொர்னாடோ மஞ்சள் நாளிலும் வரும். நிறத்தை மட்டும் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஆரஞ்சு ஆலங்கட்டிக்காகவோ நேராக அடிக்கும் பலத்த காற்றுக்காகவோ போடப்பட்டிருக்கலாம். உள்ளே போய், டொர்னாடோவுக்கு எத்தனை சதவீதம் என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பார்த்தால் 10 சதவீதம் என்றிருக்கும். அவ்வளவுதானா என்று தோன்றும். உங்கள் வீட்டை நடுவில் வைத்து எந்தப் பக்கம் போனாலும் 40 கிலோமீட்டருக்குள் ஒரு டொர்னாடோ இறங்கப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். டொர்னாடோவுக்குப் பேர்போன இடங்களில்கூட, வருடத்தின் மிகப் பெரும்பாலான நாட்களில் இந்த எண் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். அந்த வகையில் 10 என்பது பெரிய எண். ஆனால் 40 கிலோமீட்டர் என்ற அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு கோடு கிழித்தாற்போல டொர்னாடோ போகும். அந்தக் கோடு உங்கள் கூரை வழியே போக வாய்ப்பு மிக மிகக் குறைவு. இரண்டுமே உண்மை. ஊருக்கு அது பயப்பட வேண்டிய நாள். ஒரு வீட்டுக்கு அநேகமாக ஒன்றும் நடக்காத நாள். இதை மனதில் வாங்கிக்கொண்டால், ஒன்றும் நடக்காதபோது அறிவிப்பின் மேல் கோபம் வராது.

அறிவிப்பு என்று ஒன்று இருப்பதே பெரிய விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். மக்கள் பீதியடைவார்கள் என்று பயந்து, அமெரிக்க வானிலைத் துறை 1938 வரை டொர்னாடோ என்ற சொல்லையே முன்னறிவிப்பில் எழுதவிடாமல் வைத்திருந்தது. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களையும் ஒரே டொர்னாடோ கடந்துபோனபோது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 695 பேர் இறந்தார்கள். நிலைமை மாறத் தொடங்கியது 1948-ல். அந்த மார்ச் 20 இரவு ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ தாக்கி, நிறுத்தியிருந்த விமானங்களைச் சிதைத்தது. தளத்தின் வானிலை அதிகாரிகளான எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் இருவரும் பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து அலசினார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, அதே மாதிரி வானம் திரும்பவும் அமைந்தது. டொர்னாடோ வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். அன்று மாலையே டொர்னாடோ அதே தளத்தின் மேல் வந்தது. வெற்றி பெற்ற முதல் டொர்னாடோ முன்னறிவிப்பு அதுதான்.

இன்று அறிவிப்பு இரண்டு கட்டமாக வருகிறது. வாட்ச் என்பது முதல் கட்டம். பல கவுன்ட்டிகளை (நம் ஊர் மாவட்டம் போல, மாநிலத்துக்குள் இருக்கும் பிரிவு) சேர்த்து, சில மணி நேரத்துக்கு, டொர்னாடோ உருவாகத் தோதான நிலை இருக்கிறது என்று சொல்வது. வார்னிங் என்பது அடுத்தது. ரேடாரில் சுழற்சி தெரிகிறது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே ஒளியுங்கள் என்று பொருள். வாட்ச் வந்தால் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும். வார்னிங் வந்தால் கால் நகர வேண்டும். முன்பெல்லாம் முழுக் கவுன்ட்டிக்கும் வார்னிங் கொடுப்பார்கள். 2007 முதல், மேகம் போகும் பாதையை மட்டும் அடைத்துப் பலகோண வடிவில் வரைகிறார்கள். அதனால் தேவையில்லாமல் ஒளிந்துகொள்பவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

நாடெங்கும் ஏறத்தாழ 160 டாப்ளர் ரேடார்கள் இதற்காகச் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஆனாலும் பூமி வளைந்திருப்பதால், தூரம் கூடக்கூட ரேடாரின் கதிர் தரையைவிட்டு மேலே போய்விடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மேகத்தின் அடியில் நடப்பதை அது பார்ப்பதே இல்லை. அதனால் வார்னிங் கொடுப்பவர் எப்போதும் பாதி இருட்டில்தான் முடிவெடுக்கிறார். பொறுத்திருந்து உறுதி செய்துகொண்டால் நேரம் போய்விடும். முந்திக்கொண்டால் பொய்யெச்சரிக்கை ஆகலாம். பத்து வார்னிங்குகளில் ஏழு வரை டொர்னாடோ இல்லாமலே முடிந்துவிடுகின்றன. சரியாக வரும் வார்னிங்குக்கும் டொர்னாடோவுக்கும் இடையே சராசரியாகக் கிடைப்பது பத்து நிமிடத்தை ஒட்டிய அவகாசம். சில சமயம் அதுவும் இல்லை.

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. மிசூரியின் ஜோப்ளின் நகரில் டொர்னாடோ நுழைவதற்கு 20 நிமிடத்துக்கு முன்பே சைரன் ஒலித்துவிட்டது. அந்த ஊரில் சைரன் அடிக்கடி ஒலிக்கும். பலர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், டிவி போட்டார்கள், தெரிந்தவர்களுக்கு ஃபோன் செய்தார்கள். இரண்டாம் முறை சைரன் ஒலித்தபோது டொர்னாடோ ஊருக்குள் வந்துவிட்டது. மழைத் திரைக்குள் மறைந்து வந்ததால் கண்ணுக்கும் சரியாகத் தெரியவில்லை. 161 பேர் இறந்தார்கள். பிறகு அரசு நடத்திய விரிவான ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: மக்கள் முதல் எச்சரிக்கையை நம்பாமல் இல்லை, இன்னொரு சாட்சி கிடைக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவது மனித சுபாவம். சைரனோ வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. வீட்டுக்குள் ஏசி ஓடும்போதோ தூக்கத்திலோ அது கேட்கும் என்பது நிச்சயமில்லை. சாட்சி தேடுவது நம் இயல்பு என்றால், அந்தச் சாட்சியை முன்கூட்டியே கையில் வைத்திருப்பதுதான் வழி. ஃபோனில் அரசின் அவசர அறிவிப்பை யாரும் அணைத்து வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படுக்கை அருகே பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று இருக்க வேண்டும். உள்ளூர் டிவி வானிலையாளர் ஒருவரையாவது பழகி வைத்திருக்க வேண்டும். இரண்டு வழியில் செய்தி வந்துவிட்டால் ஜன்னலுக்குப் போகத் தேவையில்லை.

அப்புறம் ஒன்று, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு. உங்கள் கவுன்ட்டியின் பெயர் தெரியுமா? பக்கத்துக் கவுன்ட்டிகளின் பெயர்? டிவியிலும் ரேடியோவிலும் கவுன்ட்டி பெயரைத்தான் முதலில் படிப்பார்கள். ஊர் பெயரும் பின்கோடும் மட்டும் தெரிந்துவைத்திருந்தால், அந்த நேரத்தில் யாருக்கோ சொல்கிறார்கள் என்று உட்கார்ந்திருப்போம். தென்மேற்கே இருக்கும் கவுன்ட்டியின் பெயரைக் கட்டாயம் தெரிந்துவையுங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

மூன்று நாளில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஒளியும் இடத்தைக் காலி செய்து வைப்பது. பேஸ்மென்ட் இருந்தால் அதுதான் இடம். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கம் பெரும்பாலான வீடுகளில் அது கிடையாது. அப்போது கீழ்த்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னல் இல்லாத சின்ன அறை. அநேகமாக மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி அறை, அல்லது நடுவிலுள்ள குளியலறை. அந்த அலமாரி அறையைத் திறந்து பாருங்கள். வேக்குவம் கிளீனர், கிறிஸ்துமஸ் மரப் பெட்டி, பழைய சூட்கேஸ், பயன்படுத்தாத குழந்தை நாற்காலி. நான்கு பேர் அதற்குள் குனிந்து உட்கார்ந்து தலையை மூடிக்கொள்ள முடியுமா? ஒருமுறை எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தால்தான் தெரியும். என் வீட்டில் பார்த்தபோது கதவு மூடவில்லை. பெட்டிகளை கராஜுக்கு மாற்ற 40 நிமிடம் ஆனது. அந்த 40 நிமிடம் வியாழக்கிழமை இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை இல்லை.

காலி செய்த இடத்தில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். முதலில் ஷூ, ஆளுக்கு ஒரு ஜோடி. நாம் வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கிறவர்கள். கூரை பிய்ந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது தரையெல்லாம் கண்ணாடியும் ஆணி நீட்டிய பலகைகளும் கிடக்கும். அடுத்தது ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் போதும். டொர்னாடோவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் பொருட்களே, அதிலும் தலையில் படும் அடி. பிறகு சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், டார்ச், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், தண்ணீர், ஒரு விசில். இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டால் கத்தித் தொண்டை வறண்டுபோகும், விசில் ஊத முடியும். பாஸ்போர்ட், விசா காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அங்கேயே வைத்துவிடுவது நல்லது.

அபார்ட்மென்ட் மேல்மாடியில் இருப்பவர்கள் நிலை வேறு. நான் டாலஸ் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருந்த காலத்தில் ஓர் இரவு வார்னிங் வந்தது. கீழே போக வேண்டும் என்பது தெரிந்தது, யார் வீட்டுக்கு என்பது தெரியவில்லை. கீழ்த்தளத்தில் இருப்பவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆலங்கட்டி விழும் வெளிப்படிக்கட்டில் இறங்கி, முன்பின் தெரியாத கதவைத் தட்டினோம். திறந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்காமல் எங்களைக் குளியலறைக்குள் விட்டு, பாத்டப்பில் மெத்தையைப் போட்டுக் கொடுத்தார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமே பகலில் போய், இனிமேல் இப்படி வந்தால் தட்டலாமா என்று கேட்டு வைத்துக்கொண்டேன். முன்பே கேட்டு வைத்திருந்தால் அந்த நாலு நிமிடத் தயக்கம் இருந்திருக்காது.

மொபைல் ஹோமில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் இலகுவான வீட்டில், வசிப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வீட்டுக்குள் இருக்கும்போது டொர்னாடோவில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வீடுகளில் இருந்தவர்கள். நாட்டின் மொத்த வீடுகளில் அவை சுமார் 6 சதவீதம்தான். பலவீனமான டொர்னாடோகூட அவற்றைப் புரட்டிப் போட்டுவிடும். உள்ளே பத்திரமான அறை என்று ஒன்று கிடையாது. அவர்களுக்கு வார்னிங் வரும்வரை காத்திருப்பது கட்டுப்படியாகாது. வாட்ச் வந்தவுடனே கிளம்பிவிட வேண்டும். எங்கே போவது என்பதுதான் கேள்வி. மினசோட்டா மாநிலத்தில் மொபைல் ஹோம் குடியிருப்புகள் பாதுகாப்பிடமோ வெளியேறும் திட்டமோ வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்த வகை வீடுகள் அதிகமாக இருக்கும் தெற்கு மாநிலங்களில், இருட்டியபின் மரங்களுக்கும் மலைகளுக்கும் நடுவே டொர்னாடோ வரும் இடங்களில், பல குடும்பங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. தயாராக இருங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பள்ளியோ தேவாலயமோ தீயணைப்பு நிலையமோ, இரவு பத்து மணிக்குக் கதவு திறந்திருக்கும் ஓர் இடத்தை ஊர் முதலில் கொடுக்க வேண்டும்.

இரவில் வரும் டொர்னாடோ உயிர்ப்பலி வாங்கும் வாய்ப்பு, பகலில் வருவதைவிட அதிகம். 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேஃபீல்ட் நகரை நொறுக்கிய டொர்னாடோ 57 பேரைப் பலி வாங்கியது. அவர்களில் மெழுகுவத்தித் தொழிற்சாலையில் இரவுப் பணியில் இருந்த தொழிலாளர்களும் உண்டு. டிசம்பரா என்று கேட்பீர்கள். மே மாதத்தில்தான் அதிகம் வரும் என்பது சரி, ஆனால் டொர்னாடோ வராத மாதம் என்று அந்நாட்டில் ஒன்றும் இல்லை.

காரில் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. 2015 டிசம்பர் 26 இரவு டாலஸை ஒட்டிய கார்லண்டில் இறந்த 10 பேரில் பெரும்பாலானோர் நெடுஞ்சாலையில் வாகனத்துக்குள் இருந்தவர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த டொர்னாடோ, திசையையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பியவர்களால் சாலைகள் அடைத்துக்கொண்டன. வாழ்நாள் முழுக்க டொர்னாடோவை ஆராய்ந்த டிம் சமாராஸும் அவருடன் இருந்த இருவருமே அன்று தப்ப முடியவில்லை. மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் கூடாது. அந்தச் சந்துக்குள் காற்று இன்னும் வேகமெடுக்கும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு வெடிக்காது என்பதும் தவறான நம்பிக்கை. ஜன்னலுக்குப் போகும் நேரத்தில் அறைக்குப் போய்விடலாம்.

பலத்தில் இது எத்தனையாவது படி டொர்னாடோ என்று அன்றைக்கே கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அளவுகோலை 1971-ல் உருவாக்கியவர் டெட்சுயா ஃபுஜிடா, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த பின் அங்கே போய்ச் சேதத்தை ஆராய்ந்தவர். சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடும் முறை அவருடையது. இப்போது இருப்பது அதன் திருத்திய வடிவம். அதன் உச்சப் படி மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே எண் எப்போதுமே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். ஓக்லஹோமாவின் மூர் நகரம் 2013-ல் உச்சப் படி டொர்னாடோவில் 24 பேரை இழந்தது. அடுத்த ஆண்டே, புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்று கட்டட விதியை மாற்றியது. உச்சப் படியை அது நிறுத்தாது. ஆனால் பெரும்பாலான டொர்னாடோக்களின் வேகம் அதற்குக் கீழேதான்.

வெள்ளிக்கிழமை மாலை வார்னிங் வந்து, எல்லோரும் அலமாரி அறைக்குள் போய், காற்று இரைந்து அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே வெளியே ஓட வேண்டாம். ஒரே மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று சூப்பர்செல்கள் அதே பாதையில் வருவது உண்டு. கேஸ் வாசனை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியேறுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் பக்கம் போகாதீர்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், ஷூவைக் கழற்றாமல் அறை வாசலிலேயே உட்கார்ந்து ரேடியோவைக் கேளுங்கள். உங்கள் கவுன்ட்டியின் பெயரை நிறுத்திவிட்டு, வடகிழக்கே இருக்கும் அடுத்த கவுன்ட்டியின் பெயரைப் படிக்க ஆரம்பித்திருப்பார்கள். அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.